சத்திர வாதத்துக்கு ஒரு மறுப்பு

2025-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி, நாடு கடத்தப்படுவதிலிருந்து பாதுகாப்பு வேண்டி இலங்கைத் தமிழர் ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துப் போஷிப்பதற்கு இந்தியா ஒன்றும் தர்ம சத்திரமல்ல என்னும் கருத்து நீதிபதிகளின் ஆசனத்திலிருந்தே எழுந்தது. அந்த மனுதாரர் குற்ற வழக்கொன்றில் தண்டனை பெற்றவர். சொல்லப்பட்டதும் விசாரணையின் ஊடே வாய்மொழியாகச் சொல்லப்பட்டதேயன்றி, ஆராய்ந்து எழுதிய தீர்ப்பின் வாசகமன்று. ஆயினும் மறுநாள் அது பத்திரிகைகளில் தலைப்பாயிற்று. அதற்கும் மறுநாள் டீக்கடைகளில் தீர்ப்பாயிற்று. கடலூர் முதுநகரிலும் சிதம்பரம் கீழவீதியிலும், படித்தவர்களும் பரோபகாரிகளுமான பெரிய மனிதர்களே, "எத்தனை வருஷத்துக்குங்க நாம சோறு போட்டுக்கிட்டிருக்கிறது? சண்டைதான் முடிஞ்சுபோச்சே, ஊர் போய்ச் சேர வேண்டியதுதானே" என்று நிதானமாகக் கேட்கிறார்கள், குறிஞ்சிப்பாடி முகாமில் பிறந்து, குறிஞ்சிப்பாடியில் படித்து, கடலுக்கு அப்பாலுள்ள மண்ணை ஒருநாளும் மிதித்தறியாத ஒரு பையனைப் பற்றியும் சேர்த்துத்தான் கேட்கிறோம் என்பது அப்போது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

இந்த அபிப்பிராயத்தை ஈரமற்றவர்களின் கூற்று என்று ஒதுக்கிவிடுவது சுலபம், அது நியாயமாகாது. இதனுள்ளே ஒரு தர்க்கம் இருக்கிறது. இந்தப் பூமி நமது. நாம் இதில் ஆதிகாலந்தொட்டு அசையாமல் வீற்றிருப்பவர்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இரக்கப்பட்டு இடம் கொடுத்தோம். கொடுத்தது தானமாதலால் அதன் அளவையும் காலத்தையும் நிர்ணயிக்கும் பாத்தியதை கொடுத்தவனுக்கே உண்டு. வந்த காரணம் தீர்ந்தபின் வந்தவன் போவதே முறை என்று, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும் வாதம் இது. இதற்கு அஸ்திவாரமாயுள்ள முதற் கூற்றே, அதாவது நாம் அசையாதவர்கள் என்பதே, சரித்திரத்துக்கு முற்றிலும் விரோதமானது என்பது என் கட்சி. வேறெந்த ஊரில் நின்று சொன்னாலும் சொல்லட்டும். தில்லையிலும் கடலூரிலும் நின்றுகொண்டு அதைச் சொல்ல வாய் வரக் கூடாது.

தில்லையில் ஆடுகிறவரே ஒரு காலத்தில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தவர். பீஜப்பூர்ச் சுல்தானின் படைகள் செஞ்சிச் சீமையை நெருக்கிய நாளில், 1648-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 24-ஆம் தேதி, நடராஜப் பெருமானின் திருமேனி சிற்சபையிலிருந்து எடுக்கப்பட்டுத் தெற்கே கொண்டுபோகப்பட்டது. முதலில் குடுமியான்மலையிலும் பிறகு மதுரையிலுமாக மறைவிலே கழிந்த அந்த அஞ்ஞாதவாசம் 1686-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ஆம் தேதி வரை நீடித்தது. 37 ஆண்டு, 10 மாதம், 20 நாள் என்று நாள் பிசகாமல் செப்பேட்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தெய்வத்தின் விஷயத்திலும் நம் முன்னோர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் உருக்கத்தைத் தருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் யுத்தங்களிலும் பெருமான் ஒருமுறை திருவாரூருக்குப் போய்த் தங்க வேண்டியதாயிற்று. அவர்தாம் திரும்பி வந்துவிட்டாரே என்று யாரேனும் குறுக்கே கேட்கக்கூடும். வந்தார், அம்பலம் இருந்த இடத்தில் இருந்தது, ஆராதனைக்கு உரியவர்கள் காத்திருந்தார்கள், வந்தவரை யாரென்று விசாரித்து எழுதிக்கொள்ள ஒருவரும் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இக்கரைக்கு வந்து முகாமிலேயே தங்கிவிட்ட குடும்பத்துக்கு இப்போது நாற்பதாண்டுகளுக்கு மேலாகிறது. பெருமானின் அஞ்ஞாதவாசத்தை அவர்கள் கடந்தாயிற்று.

அதே பதினேழாம் நூற்றாண்டில், எதிர்த் திசையிலிருந்து ஒருவர் சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தார். 1619-இல் யாழ்ப்பாண ராஜ்யம் போர்ச்சுகீசியர் வசமான பின்னர், அதிகாரியின் சமையலுக்காக வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கொடுக்க வேண்டுமென்று கட்டளை பிறந்ததென்றும், தம் வீட்டுக்கு முறை வந்தபோது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சேர்ந்த ஞானப்பிரகாசர் என்னும் சைவர் பசுவைக் கொடுக்க மனமொவ்வாமல் இரவோடிரவாகக் கடல் கடந்துவிட்டாரென்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர் வடக்கே சென்று சாஸ்திரங்கள் பயின்று, துறவு பூண்டு, சிவஞானசித்தியாருக்கு உரை கண்டு, தில்லையில் தங்கி, அங்கே ஒரு குளமும் வெட்டினார். ஞானப்பிரகாசர் குளம் இன்றும் அந்தப் பெயரோடேயே இருக்கிறது. ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் முடிந்தபின் தெப்போற்சவம் நடப்பது அந்தக் குளத்தில்தான். ஊரார் படிகளில் நெருங்கி உட்கார, விளக்குகள் ஜொலிக்க, சுவாமி தெப்பத்தில் வலம் வருகிற அந்தத் தண்ணீர், அந்நிய அரசின் கொடுமைக்கு அஞ்சிக் கரையேறிய ஓர் ஈழத்தமிழர் நமக்கு வைத்துவிட்டுப் போன தண்ணீர். அதன் கரையில் உட்கார்ந்துகொண்டே ஈழத்தமிழன் இவ்வூருக்கு அந்நியன் என்று பேசுவதற்கு அசாத்தியமான மறதி வேண்டும். அந்த ஞானப்பிரகாசரின் மரபினரென்று சொல்லப்படும் ஆறுமுக நாவலர் 1864-இல் இவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்புச் சீமையிலுள்ள காரைதீவுக்காரர். இவர்கள் இருவரும் அகதிகளல்லர். ஆனால் இவர்களை அந்நியரென்று சொல்ல அந்த நாளில் யாருக்கும் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்தைப் பற்றிய பேச்சு வந்தமையால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1929-இல் அது தோன்றுவதற்கு 20 இலட்ச ரூபாய் அளித்த ராஜா சர் அண்ணாமலை செட்டியார், பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளுக்குச் சென்று கொடுக்கல் வாங்கல் நடத்திச் செழித்த நகரத்தார் சமூகத்தின் பெருந்தனவந்தர். அந்தப் பர்மாவிலிருந்துதான், 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பானியரின் குண்டுகள் விழுந்தபின், நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், கப்பலில் இடம் கிடைத்தவர் போக எஞ்சியோரெல்லாம், அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகவே கடந்து வந்தார்கள். வழியிலே மடிந்தவர்கள் பல்லாயிரம். அப்படி நடந்து வந்தவர்களுள் ஒருவரான வெ. சாமிநாத சர்மா அந்தப் பிரயாணத்தைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தவுடன் சென்னைப் பட்டணமே பாதிக்கு மேல் காலியாகி, பட்டணவாசிகள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் உள்நாட்டு ஊர்களுக்கு வந்திறங்கினார்கள். எட்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் பட்டணத்து உறவினர் கூட்டம் அடைந்து கிடந்ததைச் சொல்லும் தாத்தாக்கள் சமீப காலம் வரை நம்மிடையே இருந்தார்கள். அவர்களில் எவரும் அதைத் தானமென்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

கடலூரின் கதை இன்னும் வெளிப்படையானது. 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கி, பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த இடம் வரை எல்லையென்று வகுத்துக்கொண்ட ஊர் அது. 1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது, ராபர்ட் கிளைவ் என்னும் இளங்குமாஸ்தா இந்நாட்டவரைப் போல வேஷம் தரித்துத் தப்பி ஓடிவந்து அடைக்கலம் புகுந்தது அந்தச் செயின்ட் டேவிட் கோட்டையில்தான். உரிய பத்திரங்கள் ஏதுமின்றிக் கடலூருக்கு வந்தவர்களுள் பிற்காலத்தில் அவரைப் போல ஊருக்குக் கேடு விளைவித்தவர் இன்னொருவர் இல்லையென்றே சொல்லலாம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்தார். 1780-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. சிதம்பரம் கோயிலே கோட்டையாகி, பிராகாரங்களில் சிப்பாய்கள் குடியேறினார்கள். 1781 ஜூன் மாதத்தில் அதைப் பிடிக்கவந்த ஜெனரல் அயர் கூட் தோற்றுப் பின்வாங்கி, ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். 1783-இல் கடலூரைச் சுற்றி முற்றுகை. கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. யார் ஜெயித்தால் என்ன, யார் தோற்றால் என்ன, நடுவிலே கிடந்த கிராமங்கள் கலைந்தன. ஐதர் கலாபம் என்று நம் பாட்டிமார் வாயில் நெடுநாள் வழங்கிய சொல் அந்தக் கலைவின் மிச்சம். அந்த நாற்பது வருஷத்து உற்பாதத்தில் எங்கள் வம்சம் இருந்த இடத்தைவிட்டு அங்குலமும் பெயரவில்லை என்று மார்தட்டக்கூடிய குடும்பம் இந்தக் கெடிலத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் எத்தனை இருக்கும்? யுத்தமே இல்லாத காலத்திலும் நெய்வேலிச் சுரங்கத்துக்காகக் கிராமம் கிராமமாக இடம் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் அதே குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரின்மேல் மண்வெட்டும் இயந்திரம் இறங்கியதைக் கண்டவர்களுக்கு, கால் பதிந்த நிலம் காலைவிட்டுப் போவதென்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

தேசாபிமானத்தின் பேரால் சத்திர வாதம் பேசுகிறவர்களுக்கு ஒரு ஞாபகம். 1908-இல் பிரிட்டிஷ் போலீஸாரின் கைக்குத் தப்பிச் சுப்பிரமணிய பாரதியார் போய்த் தங்கியது அந்நிய ராஜ்யமான பிரெஞ்சுப் புதுச்சேரியில். பத்தாண்டுகள் அங்கே இருந்துவிட்டு, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். புதுச்சேரி தனக்கென்ன வந்தது என்று இருந்திருந்தால் அந்தப் பத்தாண்டுகளில் அவர் எழுதியவை நமக்கு ஏது?

இதுவரை வந்தவர்களைச் சொன்னேன். நாம் போனதைச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் விரட்ட, தென்னாற்காடு ஜில்லாவின் ஏழைக் குடிகள் மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கூலிகளாய்ப் போனார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்துப் பரிசோதித்து அனுப்பியது மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் அமைத்திருந்த முகாமில். பிற்காலத்தில் படகேறி வந்த அகதிகளை நிறுத்தி வைத்துப் பதிவு செய்ததும் அதே மண்டபம் முகாமில்தான். நடுவிலே நடந்தது என்னவென்றால், 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்தவுடன் இயற்றிய பிரஜா உரிமைச் சட்டம் மலையகத்துத் தமிழரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை எந்த நாட்டுக்கும் உரியரல்லாதவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று மனிதர்களைப் பாகப்பிரிவினை செய்தது. பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களில்லை. அந்த மலையகத் தமிழரில் பலர் இனக்கலவரங்களுக்கு அஞ்சி வடக்கே வவுனியாப் பக்கம் போய்க் குடியேறி, அங்கும் யுத்தம் துரத்த, படகேறி இங்கே வந்தார்கள். இன்று முகாம்களில் இருப்பவர்களில் கணிசமான பகுதியினர் இவர்களே. இவர்களது பாட்டனார்கள் திருச்சியிலும் சேலத்திலும் நம் தென்னாற்காட்டிலும் பிறந்தவர்கள். இவர்களது குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டுமென்று 2019 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பைத் தலைப்பாகப் போட்ட பத்திரிகைகளும் இருந்தன. டீக்கடை வரை அது வந்து சேரவில்லை.

இனிச் சோற்றுக் கணக்கு. தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமிலும் வெளியிலுமாகச் சேர்ந்து சுமார் 90,000 பேர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் ஜனத்தொகை 7.21 கோடி. எண்ணூறு பேருக்கு ஒருவர். 2021-இல் உயர்த்தப்பட்ட பின்னும் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. இந்தத் தொகையில் ஒரு குடும்பம் மாதம் முழுதும் சாப்பிட்டுவிட முடியுமென்று எண்ணுகிறவர்கள் ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களுக்குச் சோறு போடுவது அவர்களுடைய கைதான். கடலூரானாலும் நெய்வேலியானாலும் பாண்டிச்சேரியானாலும் புதுக் கட்டடத்துச் சாரத்தின்மேல் பெயின்ட் வாளியைக் கட்டிக்கொண்டு தொங்குகிறவர்களில் முகாம் ஆட்கள் இல்லாமல் இருப்பது அபூர்வம். வேலைக்காக வெளியூர் போய்த் தங்கினாலும் சோதனை நாளன்று வந்து ஆஜராக வேண்டும். தலையெண்ணும்போது ஆள் இல்லையென்றால் பதிவு போய்விடுமோ என்னும் பயம். அதே முகாமிலிருந்து பட்டம் பெற்று வெளிவரும் பிள்ளைகளுக்கு, குடியுரிமை இல்லையென்ற ஒரே காரணத்தால் சர்க்கார் உத்தியோகமில்லை, பாஸ்போர்ட்டில்லை, சொத்து வாங்குவதில் ஆயிரம் சிக்கல். சம்பாதிக்க வழியை அடைத்துவிட்டு, சும்மா இருக்கிறான் என்று குறை சொல்வது எந்தத் தர்மத்தில் சேர்ந்தது?

சண்டை முடிந்துவிட்டதே என்பது இவ்வாதத்தின் மிக வலுவான பகுதி. 2009 மே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தது மெய். திரும்பிச் சென்றவர்களும் உண்டு. செல்ல விரும்புகிறவர்களுக்குக் கப்பலும் பத்திரமும் தடையின்றிக் கிடைக்கச் செய்வது நம் கடமை. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் திரும்பிப் போகவில்லையா என்று கேட்பார்கள். போனார்கள், வந்து ஓராண்டுக்குள் அவர்கள் நாடு அவர்களுக்கே கிடைத்துவிட்டது. அதைக்கொண்டு, இரண்டு தலைமுறை இங்கே பிறந்துவிட்டவர்களை அளப்பது அளவைக்கே அவமானம். நம்முடைய குடியுரிமைச் சட்டம் 1987 ஜூலை முதல் தேதிக்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர்களைப் பிறப்பினாலேயே இந்தியராகக் கொள்கிறது. அதன்படி, 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி, நீதிமன்றத்தின் கதவைத் தட்டிப் பாஸ்போர்ட் பெற்று, 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தம் முதல் வாக்கைச் செலுத்தினார். அவருக்கு அடுத்து, 1987 ஜூலைக்குப் பின் அதே முகாமில், அதே மருத்துவச்சியின் கையில் பிறந்திருக்கக்கூடிய ஒரு தம்பிக்கு அந்த உரிமை இல்லை. திரும்பிப் போ என்று அவனிடம் சொன்னால் அவன் எந்த ஊருக்குத் திரும்புவது? பிறந்த ஊருக்குத் திரும்பச் சொன்னால் அவன் மண்டபத்துக்குத்தான் போக வேண்டும்.

சத்திரம் என்னும் உவமையே இங்கே பொருந்தாது. சிதம்பரத்தார் சத்திரத்தை அறிந்தவர்கள். தரிசனத்துக்கு வரும் வழிப்போக்கர் இரண்டொரு நாள் தங்கிப் போவதற்கென்று எழுந்தவை அவை. நாற்பது வருஷம் ஒருவனை வைத்து, அவன் அங்கே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, தாய் தகப்பனைத் தகனம் செய்தும் முடித்தபின் அந்த இடம் சத்திரமாக இல்லாமற்போய் நெடுநாளாகிவிடுகிறது. மேலும், இந்தியா தர்ம சத்திரமல்ல என்பது மெய்யானால், 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் எப்படி வந்தது? பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு மதத்தவர்க்குக் கதவைத் திறந்த சட்டம் அது. முஸ்லிம்களை ஒதுக்கியதுபோலவே இலங்கையையும் ஒதுக்கியது. ஆகவே இடமில்லை என்பதன்று பிரச்னை. யாருக்கு இடமென்பதே பிரச்னை. அப்படித் தேர்ந்தெடுத்துக் கதவு திறக்கிறவர்கள், தேர்ந்தெடுத்ததை ஒப்புக்கொண்டு அதற்குக் காரணம் சொல்லட்டும். இடநெருக்கடியின் பின்னே ஒளிந்துகொள்ள வேண்டாம். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பத்திரமில்லாக் குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்களித்து 2025-இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. நல்லதே. ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது உரிமையாகிவிடாது.

1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலையைச் சொல்லி வாயடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த மகா பாதகத்துக்கு நீதிமன்றங்கள் விசாரித்துத் தண்டனை கொடுத்தன. அன்று பிறக்காதவர்களைச் சந்தேகப் பட்டியலில் பிறக்கவைப்பது தண்டனையுமன்று, பாதுகாப்புமன்று.

கடைசியாக, நம்முடைய பக்கத்தவர்போலவே பேசும் ஒரு கூட்டம். மேடையேறித் தொப்புள்கொடி உறவு என்று முழங்குவார்கள். குடியுரிமை என்று கேட்டால், இங்கே அதைக் கொடுத்துவிட்டால் அங்கே தமிழரின் பலம் குறைந்துவிடும், அரசியல் தீர்வு தள்ளிப்போகும் என்பார்கள். யாழ்ப்பாணத்தின் எதிர்காலத்துக்குக் குறிஞ்சிப்பாடியில் ஒருவன் பிரஜா உரிமையின்றிக் கிடக்க வேண்டுமென்பது, பேசுகிறவர்களுக்குக் கையில் வாக்காளர் அட்டை இருப்பதால் வருகிற வீரம். லண்டனிலும் டொரண்டோவிலும் குடியுரிமை பெற்ற ஈழத்தமிழர் எவரும் அதனால் ஈழத்தை மறந்துவிட்டதாகத் தெரியவில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317.40 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகள் கட்ட முனைந்ததையும், அகதிகள் முகாம் என்றிருந்ததை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதையும் நான் குறைத்து மதிக்கவில்லை. ஒழுகிய தகரத்தின் கீழ் முப்பது மழைக்காலம் கழித்தவர்களுக்குச் சுவர் பெரிய விஷயம். ஆனால் வீட்டைக் கொடுக்க மாநில அரசால் முடிந்தது. நாட்டைக் கொடுப்பது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாட்டுப் பட்டியலில் இலங்கையைச் சேர்க்க ஒரு திருத்தம் போதும். மதப் பட்டியலையும் அத்தோடு எடுத்துவிட்டால் மன்னார்க் கரையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்கும். கடலூர், சிதம்பரம் என்று இரண்டு மக்களவைத் தொகுதிகள் நம் ஜில்லாவில் பெயர் பெற்றிருக்கின்றன. அடுத்த தேர்தலில் வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, சாலையையும் குடிநீரையும் கேட்பதோடு, முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டுச் சபையில் எழுந்து பேசுவாயா என்று வாக்குள்ள நாம் கேட்க வேண்டும். அவர்களுக்குக் கேட்க வாக்கில்லை.